கற்பனை உலகுக்குப் புனித அறிவு நூல் ஒன்றைப் படைக்கும் முறை

கற்பனை உலகங்களைப் புனைவோர் பலரும் அவ்வுலக மக்கள் போற்றும் அறிவு நூலை அதன் வாசகங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். பழமை தொனிக்கும் சில வரிகளை எழுதியதும் நூல் உருவாகிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். வாசகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைத்து, அந்நூல் எதன்மேல் எழுதப்பட்டது, யாரால் படியெடுக்கப்பட்டது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை.

எழுதுபொருள் ஒரு சமூகத்தின் அமைப்பையே தீர்மானிக்கக்கூடியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்தில் ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளுக்குமேல் தாங்குவது அரிது. ஆகவே அங்கே படியெடுப்பதே ஒரு வழிபாடாகும், அதற்கென ஒரு குலமோ மடமோ தோன்றும். தோலில் எழுதும் மக்களுக்கோ மந்தைகள் வேண்டும். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் உருவான கோடெக்ஸ் அமியாட்டினஸ் என்னும் விவிலியப் படி ஒன்றுக்கு மட்டும் 500க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். அப்படியொரு நூலை வைத்திருப்பவர்கள் மேய்ச்சல் நிலத்தையும் வைத்திருப்பார்கள். அவர்களது அதிகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கும். களிமண் பலகைகளின் இயல்பு வேறு. கி.மு. 612இல் நினிவே நகரம் எரிந்தபோது, அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் நூலகப் பலகைகளில் பலவற்றைத் தீ சுட்டு இறுகச் செய்தது. களிமண்ணில் எழுதும் உங்கள் மக்கள் நெருப்பை நூலின் பகையாகக் கருத வேண்டியதில்லை.

அடுத்து, பிழைகளைத் திட்டமிடுங்கள். என் பார்வையில் இதுவே இப்பணியின் உயிர்நிலை. கடலின் ஏற்றவற்றமாகிய ஓதங்களின் காலத்தைக் கூறும் நூலொன்றைக் கடலோடி இனம் ஒன்று போற்றுவதாகக் கொள்வோம். முழுநிலவுக்குப்பின் மூன்றாம் இரவில் கலம் இறக்கச் சொல்கிறது வடதீவுப் படி. ஐந்தாம் இரவு என்கிறது தென்தீவுப் படி. வழிபாட்டு நூலாக மட்டும் இருந்தால் இந்தப் பாடவேறுபாடு பூசல்களோடு நின்றுவிடும். அறிவு நூலாக இருப்பதால், எது சரி என்பதைக் கடலே ஒவ்வொரு மாதமும் சொல்லிக்கொண்டிருக்கும். அப்போது தென்தீவார் என்ன செய்வார்கள்? மூலத்தில் கைவைக்க அஞ்சி, 'இரவு' என்பதற்குப் புதுப்பொருள் காணும் உரையாசிரியர் ஒருவர் அவர்களிடையே தோன்றுவார். பிறகு அவருடைய உரையும் புனிதமாகிவிடும். எபிரேய மறைநூலைக் காத்த மசோரெட்டுகள் எழுத்துகளைக்கூட எண்ணிக் காத்தனர். எழுதியிருந்ததை ஒருபோதும் திருத்தாமல், வாசிக்க வேண்டிய வடிவத்தை ஓரத்தில் குறித்தனர். உங்கள் படியெடுப்போருக்கும் இதைப்போல் ஒரு கட்டுப்பாட்டை வகுத்துவிட்டு, அதை மீறி இடைச்செருகல் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

வாசிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும், அது கதையின் போக்கில் தானாகவே விரியும். அட்டையின் பொன்வேலைக்கும் அதிக நேரம் தேவையில்லை.

சிதைந்த படிகளின் முடிவு மட்டும் கவனத்துக்குரியது. கெய்ரோவின் பென் எஸ்ரா என்னும் யூதத் தொழுகைக்கூடத்தில் இறைவன் பெயர் தாங்கிய தாள்களை அழிக்க மனமின்றிச் சேர்த்துவைத்த அறையில், கடிதங்களும் வணிகக் கணக்குகளும் நூற்றாண்டுக்கணக்கில் உடன் தங்கிவிட்டன. உங்கள் மக்கள் பழைய சுவடிகளைப் புதைக்கிறார்களா, ஆற்றில் விடுகிறார்களா, அறையில் அடைக்கிறார்களா என்பதைப் பொறுத்தே, மறக்கப்பட்ட பாடவேறுபாடு ஒன்று கதையில் மீண்டும் வெளிப்படுவதற்கு வழி பிறக்கும்.

இவையெல்லாம் அமைந்தபின் வாசகத்தை எழுதுங்கள். முழு நூலும் வேண்டாம். பாத்திரங்கள் மேற்கோள் காட்டும் பகுதிகள் மட்டும் போதும். ஒரே வரியை வடதீவு மாலுமியும் தென்தீவுக் குருவும் வெவ்வேறாகச் சொல்லட்டும். எது மூலம் என்பதை உங்கள் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.