மேடை லைட்டும் சவுண்டும் பழக: கூலியோடு பயிற்சிக்குச் சேருவது எப்படி?

மாசி பிறந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் டீக்கடைச் சுவர்களில் நாடக நோட்டீஸ் ஏறிவிடும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று எல்லார் பேரும் இருக்கும். அடியில் பொடி எழுத்தில் ‘ஒலி, ஒளி’ என்று ஒரு சர்வீஸ் பேர். அந்தக் கடைசி வரிக்குள் நுழைந்து தொழில் பழக நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்கள், காலனிப் பிள்ளைகள், பெண்கள், திருநங்கைகள், கூத்து ஆடுகிற குடும்பத்துப் பிள்ளைகள், உங்களுக்குத்தான்.

நான் 18 வயதில் ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்தேன். ஒன்றரை வருடம் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கினேன். சாப்பாடு உண்டு, சில நாள் பஸ் காசு உண்டு. சம்பளம் கேட்டால் ‘தொழில் கத்துத் தர்றோம்ல?’ என்பார்கள். அத்தனை நாளில் ஒரு தடவைகூட மிக்ஸர் முன்னால், அதாவது மைக் சத்தங்களைக் கூட்டிக் குறைக்கிற போர்டு முன்னால், என்னை உட்காரவிடவில்லை. என்னோடு சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு அரிசி வாங்க வழியில்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் என்னைவிட நல்ல காது. கூலி இல்லாத பயிற்சி யாரை வெளியே தள்ளும் என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் கூலி பேசுகிற படியைத்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன்.

படி 1: போவதற்கு முன்னால் மூன்று விஷயம் பழகுங்கள்

வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள். இந்த மூன்றும் தெரிந்தால் முதல் நாளே உங்களை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

ஒன்று, வயர் சுற்றுவது. கயிறு மாதிரி முழங்கையில் சுற்றினால் உள்ளே இருக்கிற கம்பி முறுக்கிக்கொண்டு நாளடைவில் அறுந்துபோகும். இடது கையில் வயரின் நுனியைப் பிடியுங்கள். வலது கையால் முதல் வளையத்தைச் சாதாரணமாகப் போடுங்கள். இரண்டாவது வளையத்துக்கு மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, வயரை அடியில் விட்டுப் போடுங்கள். அப்புறம் பழையபடி ஒன்று, திருப்பி ஒன்று. சரியாகச் சுற்றியிருந்தால், ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசும்போது முடிச்சு விழாமல் நேராக ஓடும். வீட்டில் பழைய வயர் ஒன்றை வைத்து தினமும் இருபது தடவை செய்யுங்கள்.

இரண்டு, லோடு கணக்கு. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். மேடைக்கு அடிக்கிற 1000 வாட் பார் (PAR) லைட் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் மூன்று போட்டால் 13. நாலாவதைப் போட்டால் 17ஐத் தாண்டும், வயர் சூடாகும், ஃபியூஸ் போகும். திருவிழாப் பந்தலில் தார்ப்பாய், தென்னங்கீற்று, காய்ந்த மூங்கில் எல்லாம் தலைக்கு மேலேயே இருக்கும். எனவே இந்தக் கணக்கை விரலில் வைத்திருங்கள். எர்த் இல்லாத லைனில் கை வைக்காதீர்கள்.

மூன்று, டி.எம்.எக்ஸ். முகவரி. இப்போது பெரும்பாலும் எல்.இ.டி. பார்தான். அவற்றை லைட் கன்ட்ரோல் போர்டிலிருந்து ஆட்டுவிக்கிற முறைக்கு டி.எம்.எக்ஸ். என்று பேர். ஒரு லைனில் 512 சேனல். ஒவ்வொரு லைட்டும் 7 சேனல் எடுக்கிற மாதிரி வைத்தால் முதல் லைட்டின் முகவரி 1, அடுத்தது 8, அதற்கடுத்தது 15. லைட்டின் முதுகில் இருக்கிற சின்னத் திரையில் பொத்தானை அழுத்தி இந்த எண்ணை வைப்பார்கள். இரண்டு லைட்டுக்கு ஒரே எண் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி எரியும், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை.

படி 2: எங்கே போய்க் கேட்பது

நோட்டீஸின் அந்தக் கடைசி வரிதான் உங்கள் முதல் முகவரி. ஒரு சீசன் முழுக்க நோட்டீஸ்களைப் பார்த்து, எந்த சர்வீஸ் பேர் அதிகம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நாடகம் ஒன்றுக்குப் போய் விடியவிடிய மேடை ஓரம் நின்று பாருங்கள். இந்த நோட்டீஸ் நாடகங்களுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பேர். இதில் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகத்தான் பேசி அழைப்பார்கள், ஒத்திகையும் கிடையாது. அதனால் நடிகர் எங்கே நிற்பார், எப்போது பாடுவார் என்று முன்கூட்டித் தெரியாமலே மைக்கையும் லைட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது விழா மேடைகள். காரைக்குடியில் 1939இலிருந்து கம்பன் விழா நடக்கிறது. பட்டிமன்ற மேடையில் மைக் வைப்பதே தனிப் பழக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஓட்டல்களாக மாறிய செட்டிநாட்டு வீடுகளிலும் நிகழ்ச்சி நடத்துகிறார்கள். அங்கே தேக்குத் தூணில் ஆணி அடிக்கக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் லைட் ஸ்டாண்டை வைக்கும் முன் காலுக்கடியில் சாக்கு மடித்துப் போட வேண்டும். இந்த இரண்டையும் நீங்களாகச் செய்தால் வீட்டுக்காரர் அடுத்த தடவை உங்களைக் கேட்டு அழைப்பார்.

படி 3: கூலியைப் பேசுவது

கூச்சப்படாதீர்கள். நான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பேச்சு இது:

‘அண்ணே, வயர் சுற்ற, லோடு பார்க்க, முகவரி வைக்கத் தெரியும். ஆறு மாசம் உங்ககிட்ட இருந்து பழகணும். ஒரு புரோகிராமுக்கு எவ்வளவு தருவீங்க, எந்த மாசத்துலேர்ந்து மிக்ஸர்ல உட்காரலாம்னு சொல்லிட்டீங்கன்னா இந்த நோட்டுல எழுதிக்கிறேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாம்.’

தொகை எவ்வளவு? அந்த ஊரில் அன்றைக்குச் சுமை தூக்குகிறவர் வாங்குகிற நாள்கூலிக்குக் குறைய ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் சுமையும் தூக்குகிறீர்கள், இரவும் விழிக்கிறீர்கள். போக வர வண்டி, சாப்பாடு தனி. ஆடிக்குப் பிறகு நாடகம் குறைகிற மாதங்களில் கடையில் ரிப்பேர் வேலை உண்டா, அதற்கு என்ன கூலி என்பதையும் இப்போதே கேளுங்கள்.

மிக்ஸர் கேள்வி கூலியைப் போலவே முக்கியம். நம் பக்கத்தில் பாக்ஸ் தூக்குகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது, பொத்தான் தொடுகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். வருடக்கணக்கில் தூக்கியும் தொடவிடவில்லை என்றால் அதற்குப் பயிற்சி என்று பேர் வைக்க முடியாது. தேதி கேட்டு எழுதி வாங்குங்கள்.

பெண்களும் திருநங்கைகளும் இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேளுங்கள்: வெளியூரில் இரவு உடை மாற்ற, ஒதுங்க, படுக்க எங்கே இடம்? விடிந்ததும் வீட்டுக்கு எந்த வண்டியில் திரும்புவது? பதில் சொல்ல எரிச்சல்படுகிறவரிடம் சேராதீர்கள். வேறு சர்வீஸ் இருக்கிறது.

படி 4: அரசு வழிகள்

1961ஆம் வருடத்து அப்ரென்டிஸ் சட்டம் நமக்கும் உதவும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் பயிற்சியாளர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். 2019இல் திருத்திய விதிகள் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தன. 2016இல் வந்த தேசிய பயிற்சித் திட்டத்தில் அந்தத் தொகையில் கால் பங்கு, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு பகிர்ந்துகொள்ளும் என்று வைத்தார்கள். பயிற்சியில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் முதலாளி. இரண்டு பேர் வைத்து நடத்துகிற மைக் செட்டுக்கு இது பொருந்தாது. ஆனால் பெரிய ஓட்டல், மண்டபம், எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் என்றால் கேட்கலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவர்களுக்கு இந்த வழி சுலபம்.

நாடகக் குடும்பத்துப் பிள்ளைகள் மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகைக்கும் போடுங்கள். 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். குருவிடம் 5 வருடம் பழகியதற்குச் சான்று வேண்டும். அப்பாவுடைய ஆர்மோனியக்காரரோ வாத்தியாரோ கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள். டிகிரி முடித்தவர்களுக்கு டெல்லி தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. மூன்று வருடம், உதவித்தொகை உண்டு, மேடை வடிவமைப்பும் ஒளியமைப்பும் படிக்கலாம். சேருவதற்கு முன்பே நாடகங்களில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

படி 5: நோட்டு

அந்த அனுபவத்துக்கு உங்களிடம் இருக்கப்போகிற ஒரே சாட்சி இந்த நோட்டுதான். நாற்பது பக்க நோட்டு போதும். வயர் எல்லாம் சுற்றி வண்டியில் ஏற்றி, டீ குடிக்கும்போதே எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் பாதி மறந்துவிடும். போன பங்குனியில் என்னிடம் பழகுகிற பெண் எழுதியது இது:

‘வள்ளி திருமணம். இரவு 10 முதல் விடிய 5. எல்.இ.டி. பார் 8, முகவரி 1 முதல் 50. 2 மணிக்கு இடது மைக் கரகரத்தது, வயர் மாற்றினேன். கூலி வாங்கியாச்சு, பாக்கி இல்லை. மிக்ஸரில் உட்கார்ந்தது: 40 நிமிடம்.’