நியூஎன் எதிர்ப்பொருளால் நியூரான்களைக் கண்டறியும் முறை

மூளைத் திசுவில் எது நியூரான், எது கிளையல் செல் (நியூரான்களுக்குத் துணைநிற்கும் செல்) என்று நுண்ணோக்கியில் பிரித்தறிய, பெரும்பாலான நியூரான்களின் உட்கருவில் உள்ள நியூஎன் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளையே ஆய்வகங்கள் பெரிதும் நாடுகின்றன. ஏ60 என்னும் மோனோகுளோனல் (ஒரே இலக்கை மட்டும் பற்றும்) எதிர்ப்பொருளை 1992-இல் முல்லன், பக், ஸ்மித் ஆகியோர் அறிமுகப்படுத்தினர். அது பற்றுவது ஆர்பிஃபாக்ஸ்3 என்னும் புரதத்தை என்பது 2009-இல்தான் தெளிவாயிற்று.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இறுதியாண்டு ஆய்வுக்காக இதை முதன்முறை செய்யும் மாணவர்கள், எலியின் சிறுமூளையில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அங்கே சிறுமணிச் செல்களின் உட்கருக்கள் நெருக்கமாக ஒளிரும். அவற்றை ஒட்டி வரிசையாக நிற்கும் பெரிய புர்கின்ஜி செல்களோ, நியூரான்களாக இருந்தும், இந்த எதிர்ப்பொருளுக்கு ஒளிர்வதில்லை. இரண்டையும் ஒரே சீவலில் பார்க்க முடிவதால், சாயம் சரியாக ஏறியதா என்பதை அந்தச் சீவலே காட்டிவிடும்.

முதலில், 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி 30% சுக்ரோஸில் ஊறவைத்து உறைநிலையில் சீவிய திசுவை ஸ்லைடில் ஏற்றிக்கொள்ளுங்கள். மைனஸ் 80 டிகிரியில் வைத்த ஸ்லைடுகளை வெளியே எடுத்தவுடன் பெட்டியைத் திறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீராகப் படிந்து, சீவலைக் கழன்றுபோகச் செய்துவிடும். பெட்டி அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும்.

பிபிஎஸ் (பாஸ்பேட் சேர்ந்த உப்பு) கரைசலில் கழுவியபின், பிஎச் 6.0 கொண்ட சிட்ரேட் கரைசலில் சுமார் 95 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி, அதே கரைசலில் ஆறவிடுங்கள். பதப்படுத்தலில் மறைந்த ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பற்றும் இலக்கு) இதனால் வெளிப்படும். பிறகு 0.3% ட்ரைட்டான் (செல் சவ்வில் துளையிடும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்த 5% ஆட்டுச் சீரத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டாம் எதிர்ப்பொருள் (நியூஎன் எதிர்ப்பொருளைப் பற்றி ஒளிரும் சாயம் கொண்டது) ஆட்டில் உருவாக்கப்பட்டதாக இருந்தால்தான் ஆட்டுச் சீரம் பொருந்தும்.

நியூஎன் எதிர்ப்பொருள் குப்பியைத் திறக்குமுன் மையவிலக்கியில் சில வினாடிகள் சுழற்றுங்கள். விலைமதிப்புள்ள துளிகள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். எந்த நீர்ப்பு பொருந்தும் என்பது திசுவுக்குத் திசு மாறுவதால், 1:200, 1:500, 1:1000 என மூன்றையும் சோதித்துப் பாருங்கள். ஈரப்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுதும் வையுங்கள். ஒரு ஸ்லைடில் மட்டும் முதல் எதிர்ப்பொருளை (நியூஎன் எதிர்ப்பொருளை) சேர்க்காமல், மற்ற அனைத்தையும் செய்யுங்கள். அந்த ஒப்பீட்டு ஸ்லைடு இல்லாத படத்தை நான் முடிவாக ஏற்பதில்லை.

மறுநாள் மும்முறை கழுவி, ஏ60 போன்ற சுண்டெலி எதிர்ப்பொருளைப் பற்றும் ஒளிர்சாய இரண்டாம் எதிர்ப்பொருளை இருட்டில் ஒரு மணி நேரம் இட்டு, மீண்டும் கழுவி, உட்கருக்களுக்கு டாபி (டிஎன்ஏவைப் பற்றி நீலமாக ஒளிரும்) சாயமேற்றி, மூடுகண்ணாடி வையுங்கள்.

சுண்டெலியின் மூளையை ஆய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஏ60 சுண்டெலியில் உருவானது. ஆகவே இரண்டாம் எதிர்ப்பொருள் திசுவில் இயல்பாகவே உள்ள இம்யூனோகுளோபுலினையும் (சுண்டெலியின் சொந்த எதிர்ப்பொருள்) பற்றி, இரத்தக் குழாய்களை ஒளிரச் செய்யும். முயலில் உருவாக்கிய நியூஎன் எதிர்ப்பொருளை வாங்கினால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும்.

படம் எடுக்கையில் ஒப்பீட்டு ஸ்லைடுக்கும் மற்றவற்றுக்கும் ஒரே ஒளிப்பதிவு நேரத்தையே வையுங்கள். ஒளிராத இடத்தில் நியூரான் இறந்துவிட்டது என்று உடனே எழுதிவிட வேண்டாம். இரத்த ஓட்டம் தடைப்பட்ட திசுவில், உயிருள்ள நியூரானிலும் நியூஎன் சாயம் மங்கக்கூடும் என்பதால், செல் இறப்பைக் காட்டும் வேறொரு சோதனையையும் உடன் செய்யுங்கள்.