பாலைவனத் தோட்டம் பார்க்கப் போகும் நம்மூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து ஜோத்பூருக்கும் அமெரிக்காவின் பீனிக்ஸுக்கும் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஜோத்பூர் என்றால் ராஜஸ்தான் டூர். பீனிக்ஸ் என்றால் மகன் வீடு அல்லது மகள் வீடு, பேரப்பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டும் பாலைவன நகரங்கள், இரண்டிலும் அருமையான தாவரத் தோட்டம் உண்டு. ஜோத்பூரில் மெஹ்ரான்கர் கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. சுமார் 70 ஹெக்டேர் எரிமலைப் பாறை. 2006-இல் வேலையைத் தொடங்கி 2011-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பீனிக்ஸில் 1939 முதல் இருக்கிற டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன்.

போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "முள்ளும் கல்லும். இதுக்கு டிக்கெட் வேறயா?" வானம் பார்த்த பூமியில் முள்ளோடு வளர்ந்த நமக்கு, மற்ற யாரையும்விட இந்தத் தோட்டங்கள் நன்றாகப் புரிய வேண்டும். புரியாமல் போவதற்குக் காரணம் ஒன்றுதான்: எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே என்ற நினைப்பு.

அது முதலில் வெயில் விஷயத்தில் காலை வாரும். "நாங்க பாக்காத வெயிலா?" என்று ஆச்சிமார்கள் குடை கூட இல்லாமல் கிளம்புவார்கள். கத்திரியில் காரைக்குடியே 40 டிகிரியைத் தொடுகிற ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் வெயிலில் ஈரம் இருக்கிறது. உடம்பு கசகசவென்று நனைந்து, "போதும், நிழலுக்குப் போ" என்று எச்சரிக்கும். பாலைவனக் காற்றில் வேர்வை தோலுக்கு வந்த உடனே ஆவியாகிவிடும். சட்டை நனையாது, புழுக்கமும் தெரியாது, உடம்பிலிருந்து தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். தலைவலியும் கிறுகிறுப்பும் வந்த பிறகு குடிப்பது தாமதம். தாகம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது குடித்துக்கொண்டே நடக்க வேண்டும். சிறுநீர் அதிகம் போகவைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. வெயிலின் அளவும் வேறு. ஜோத்பூருக்கு வடக்கே இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. பீனிக்ஸில் 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரிக்குக் குறையாமல் அடித்தது.

அடுத்தது மாதக் கணக்கு. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் டூர் போடுவது நம் வழக்கம். பாறைப் பூங்காவுக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. பாறை கொதிக்கும், செடிகள் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஜோத்பூருக்கு மழை ஆடி, ஆவணியில், ஜூலை முதல் செப்டம்பருக்குள். வருடத்துக்கு 350 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும், ஆனால் பெய்த கொஞ்ச நாளில் பாறை இடுக்கெல்லாம் பச்சை கிளம்பிவிடும். அந்தப் பச்சையைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பர். சுகமாக நடந்தால் போதும் என்றால் அரையாண்டு விடுமுறை. பீனிக்ஸுக்கு வருடத்தில் இரண்டு மழை, குளிர்காலத்தில் ஒன்று, ஜூலையை ஒட்டி இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே 200 மில்லிமீட்டர் தேறாது. அங்கே பூ பார்க்க மார்ச், ஏப்ரல் நல்லது. குளிர்காலத்தில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பாலைவனத்தில் பொழுது சாய்ந்தால் குளிர் சட்டென்று இறங்கும்.

எந்த நேரத்தில் போவது என்பதிலும் நம்மவர்கள் சொதப்புவார்கள். காலைப் பலகாரம் முடித்து, கோட்டை பார்த்து, மத்தியானச் சாப்பாடும் ஆன பிறகு மீதி நேரத்துக்குத் தோட்டம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பறவை, அணில், செடி எல்லாமே அடங்கிக் கிடக்கும். செடி எப்படி அடங்கும் என்று கேட்கலாம். பாலைவனச் செடிகளில் பல, கள்ளி வகைகள் முக்கியமாக, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். இரவில் காற்று குளிர்ந்த பிறகு திறந்து, கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேமித்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் அதை வைத்து உணவு தயாரிக்கும். 2023-இல் பீனிக்ஸில் இரவுகளும் குளிராமல் போனபோது சவாரோ என்ற உயரமான கள்ளிகள் கை முறிந்தும் அடியோடு சாய்ந்தும் விழுந்தன. பகல் சூடு மட்டுமே அதற்குக் காரணம் அல்ல, இரவில் மூச்சுவிட வழியில்லாமல் போனதுதான் அவற்றை வாட்டியது. சவாரோ பூ இரவில் விரிந்து மறுநாள் மத்தியானத்துக்குள் மூடிவிடும். இரவில் வௌவால் வரும், காலையில் புறாவும் தேனீயும் வரும். ஆகவே போவதானால் தோட்டம் திறந்ததுமே போங்கள், இல்லையென்றால் பொழுது சாயும் நேரத்தில். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

இனி, பார்க்கிற விதம். முள்ளும் பாலும் கண்டாலே எல்லாவற்றையும் "நம்ம ஊர்க் கள்ளிதான்" என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டு நடந்துவிடுகிறோம். ஜோத்பூர்ப் பாறையில் புதர் புதராக நிற்கும் தோர், நம் வேலியோரத்துச் சதுரக்கள்ளிக்குச் சொந்தம். ஒடித்தால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. அங்கே நம் அறிவு சரியாகப் பொருந்துகிறது. பீனிக்ஸில் இருப்பவை வேறு குடும்பம், கேக்டஸ். அவை அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். முள் எல்லாம் சின்ன மெத்தை போன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பும். தோருக்கு அந்த மெத்தை கிடையாது. வறண்ட நிலம் இரண்டு கண்டங்களில் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களை ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு செடியையும் குனிந்து பார்க்கத் தோன்றும். நம் சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பீனிக்ஸில் அதன் பங்காளிகளைச் சொந்த வீட்டிலேயே பார்க்கலாம்.

சவாரோவின் முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு நகர்வதும் இதே ரகம். முதல் 8 வருடத்தில் அது 3, 4 சென்டிமீட்டர்தான் வளரும். கிளை விட 50 முதல் 75 வருடம் ஆகலாம். குஞ்சுச் சவாரோ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஏதாவது ஒரு மரத்தடியில், வெயிலும் குளிரும் நேராகப் படாத நிழலில் ஒளிந்திருக்கும். அப்படி நிழல் கொடுப்பவற்றில் ஒன்று பாலோ வெர்டே, பட்டையே பச்சையாக இருந்து உணவு தயாரிக்கிற மரம். இன்னொன்று மெஸ்கீட். இந்த இரண்டாவது நமக்கு வேண்டிய ஆள், வேண்டாத ஆளும்கூட. நம் கண்மாய்களை எல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலத்தின் சொந்தக்காரன். அங்கே அது மண்ணின் மரம். அந்த ஊர்ப் பழங்குடிகள் காலங்காலமாக அதன் நெற்றை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். "இந்தச் சனியனை ஏன் தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு வருவது நம்மவர்கள் வழக்கம். மரத்தின் மேல் குற்றமில்லை, இடம் மாறியதுதான் வினை.

அந்த வினையை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் ஜோத்பூருக்குத்தான் போக வேண்டும். அங்கேயும் சீமைக்கருவேலம் 1930களில் மன்னர் உமைத் சிங் காலத்தில் கொண்டுவந்து பரப்பியது. விமானத்திலிருந்தே விதை தூவினார்கள் என்று சொல்வார்கள். கோட்டையைச் சுற்றிய பாறை முழுக்க அதுவே மண்டிவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் என்பது கரிமூட்டம் போடுகிற நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜேசிபி வைத்து இழுக்க அது கண்மாய்க் கரை இல்லை, பாறை. சூழலியலாளர் பிரதீப் கிருஷன் தலைமையில் வேலை பார்த்தவர்கள், கல் உடைப்பதைத் தொழிலாகக் கொண்ட கண்ட்வாலியா சமூகத்தாரை அழைத்துவந்தார்கள். அவர்கள் சுத்தியலும் உளியுமாக ஒவ்வொரு மரத்தடியிலும் பாறையைக் கொத்தி வேரோடு எடுத்தார்கள். எடுத்த குழியிலேயே மண் நிரப்பி அந்த மண்ணுக்குரிய செடியை வைத்தார்கள். கீழே பள்ளத்தில் இறங்கினால் கோட்டை அடிவாரத்து ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுபோகப் பாறையை வெட்டிப் போட்ட பழைய வாய்க்கால் இருக்கிறது. ஊருணியும் வரத்துக்காலும் அறிந்த யாரும் அங்கே கொஞ்ச நேரம் நிற்காமல் வரமாட்டார்கள். வழிகாட்டியோடு போங்கள். தனியாகப் போனால் நன்றாக இருக்கிற காட்டைப் பார்ப்பீர்கள், பிடுங்கிய கதையைத் தவறவிடுவீர்கள்.

ஜோத்பூரில் இன்னொரு மரத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கேஜ்ரி என்பார்கள், அது நம் வன்னி. விஜயதசமி அன்று பல கோயில்களில் சாமி அம்பு போடுவது வன்னி மரத்தில். அதை ஒட்டித்தான் காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்று ஓர் இடத்துக்கே பெயர். அங்கே அது ராஜஸ்தானின் மாநில மரம், அதன் காய்தான் கேர் சாங்ரி என்ற பொரியலில் வருகிற சாங்ரி. 1730-இல் ஜோத்பூருக்கு அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்த அரண்மனை ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவி தொடங்கி 363 பிஷ்னோய் மக்கள் உயிரை விட்டார்கள்.

உடுப்பு விஷயம் சுருக்கமாக. ரப்பர் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், வேட்டியை மடித்துக் கட்டினால் கணுக்கால் முள்ளுக்குத் திறந்து கிடக்கும். பீனிக்ஸில் டெடி பேர் என்று செல்லப்பெயர் வைத்த கள்ளி ஒன்று உண்டு. பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், லேசாக உரசினாலே துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனி கொக்கி போட்டிருப்பதால் விரலால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். தோலுக்கும் துண்டுக்கும் நடுவே சீப்பை விட்டு ஒரே சுண்டாகச் சுண்டிவிட வேண்டும். பேரப்பிள்ளையோடு போகிறவர்கள் கைப்பையில் ஒரு சீப்பும் முள்வாங்கியும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம் கைப்பழக்கம். எங்கே போனாலும் ஒரு கிளையை ஒடித்து ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைப்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. தாவரத் தோட்டத்தில் அது திருட்டுக் கணக்கில் வரும். கள்ளி இனங்கள் ஏறக்குறைய எல்லாமே அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைக் காக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. விதையோ, தண்டோ எதுவானாலும் தாவர நலச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஆசையாக இருந்தால் இங்கேயே நர்சரியில் ஒட்டுக் கள்ளி கிடைக்கிறது. மண்ணில் பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, அடியில் ஓட்டை உள்ள தொட்டியில் வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் முற்றத்திலிருந்து தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். கார்த்திகை முடியும்வரை தண்ணீரே ஊற்ற வேண்டாம்.