கேபின்தானே என்று கை வைப்பதற்கு முன்

இரவு பதினொன்றரைக்கு வந்து நின்ற விமானம் காலை ஐந்தேகாலுக்கு மறுபடி கிளம்ப வேண்டும். கேபினில், அதாவது பயணிகள் உட்காரும் பகுதியில், உள்ள குறைகளை எழுதும் லாக் புக்கைப் புரட்டினால் நாலு ஸ்நாக் (பழுதுக் குறிப்பு): 11 சி சீட் சாயவில்லை. 19 எஃப் டிரே டேபிள் நிற்காமல் விழுகிறது. பின் டாய்லெட்டில் குப்பைத்தொட்டி மூடி சரியில்லை. 24 ஏ ஆர்ம்ரெஸ்ட் மூடி காணோம்.

புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வரியைக் கையில் எடுத்தான். சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சாய்வைப் பிடித்து நிறுத்தும் ஹைட்ரோலாக்கைக் கழற்றி, கேபிளை இழுத்துப் பார்த்து, அரை மணி நேரம் போராடியிருக்கிறான். நான் போய் நின்றபோது, "சார், உள்ளே ஏதோ ஸ்டாப்பர் தட்டுது. எடுத்துடலாமா?" என்றான்.

எடுத்திருந்தால் வம்பு. அந்த விமானத்தில் பன்னிரண்டாவது வரிசைதான் இறக்கைமேல் திறக்கும் அவசர வழி. அதற்கு முன்னால் உள்ள சீட் சாய்ந்தால் வழி குறுகிவிடும். அதனால் சாயாதபடி கட்டிப்போட்டே அதை அனுப்பியிருக்கிறார்கள். பயணி குறை சொன்னார், கேபின் க்ரூ எழுதி வைத்தார், இவன் இல்லாத பழுதைச் சரிசெய்யப் படுத்துவிட்டான். ஸ்பானரைத் தொடும் முன், இந்தப் பொருள் இந்த இடத்தில் எப்படி இருக்க வேண்டும் என்று மேனுவலில் பார்த்தாக வேண்டும். கேபின் வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு அதைப் பார்க்காமல் இறங்குவதுதான்.

எஞ்சினையோ லேண்டிங் கியரையோ தொடும்போது யாருக்கும் இந்த அசட்டுத் துணிச்சல் வருவதில்லை. கேபினில்தான் வருகிறது. நாற்காலி, மேசை, கம்பளம், கழிப்பறை எல்லாம் வீட்டில் நாம் தட்டி ஒட்டிப் பழகிய சாமான்கள் போலவே இருக்கின்றன. ஆனால் புதிய ரக விமானங்களின் சீட், முன்னோக்கி 16 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்கும் என்று பொம்மை மனிதனை உட்கார வைத்து மோதவிட்டுச் சோதித்த சீட். வீட்டுப் பழக்கத்தை அங்கே கொண்டுபோகும் இடங்கள்தான் இந்தக் கட்டுரை.

ஸ்க்ரூ

டிரே டேபிள் தாழ்ப்பாளின் ஸ்க்ரூ விழுந்திருக்கும். பையில் கிடக்கும் ஒன்றை எடுத்து, பக்கத்து சீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டு, "அதேதான்" என்று முறுக்கிவிடுவார்கள். கண்ணளவை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1990 ஜூனில் நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 சம்பவத்தை எல்லா வகுப்பிலும் சொல்வார்கள். காக்பிட் கண்ணாடியை மாற்றியவர் பழைய போல்ட்டைக் கையில் வைத்து ஒப்பிட்டே புதியவற்றை எடுத்தார். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் மயிரிழை சிறியவை. நடுவானில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், கேப்டனின் உடல் பாதி வெளியே தொங்கியது. அவர் பிழைத்ததே அதிசயம். அது காக்பிட், இது வெறும் டிரே டேபிள் என்று சொல்லலாம். ஆனால் தரை பேனலில் கால் அங்குலம் கூடுதல் நீளமான ஸ்க்ரூவைப் போட்டுப் பாருங்கள். அடியில் போகும் வயர்க் கட்டில் அது என்ன செய்யும் என்று மேலிருந்து தெரியாது. பார்ட் நம்பரை ஐ.பி.சி.யில், அதாவது உதிரி பாகங்களின் படப் பட்டியலில், பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

முறுக்குவதிலும் ஒரு கதை இருக்கிறது. பக்கச் சுவர், மேல் அலமாரி, டாய்லெட் தடுப்பு எல்லாம் கெட்டிப் பலகை அல்ல. நடுவில் தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட காகிதம் போன்ற பொருள், இரண்டு பக்கமும் மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல், மேலே அலங்காரப் படலம். தட்டினால் அட்டைப்பெட்டி போல ஒலிக்கும். ஸ்க்ரூ பிடிப்பது அந்தத் தேன்கூட்டுக்குள் பசை ஊற்றிப் பதித்த சிறு உலோகக் குமிழில், இன்சர்ட்டில். மரத்தில் முறுக்குவது போல இன்னும் ஒரு சுற்று விட்டால் இன்சர்ட் கூடவே சுழல ஆரம்பிக்கும். அதோடு பிடிமானம் போயிற்று. அடுத்து நடப்பது தெரிந்ததுதான்: கொஞ்சம் ஃபெவிக்விக், அல்லது கடையில் வாங்கிய எபாக்சி. அன்றிரவு நிற்கும், பதினைந்தாம் நாள் அதே ஸ்நாக் வேறொருவர் கைக்கு வரும். சுழன்ற இன்சர்ட்டை எடுத்துவிட்டு, மேனுவல் சொல்லும் பசையைப் போட்டு, அது காயும் நேரம் வரை விட்டுவைப்பதுதான் வழி. அந்த நேரம் இன்றைக்குக் கிடைக்காது என்றால், விதி இடம் கொடுக்கிற பட்சத்தில் டிஃபர் செய்யுங்கள், அதாவது முறைப்படி தள்ளிப்போடுங்கள். டிரே டேபிளை மூடிய நிலையில் கட்டிவைத்து, லாக் புக்கில் எழுதி, வேண்டுமானால் அந்த சீட்டையே காலியாக விடலாம். அரைகுறை ஒட்டலைவிட ஒழுங்கான டிஃபரல் எவ்வளவோ மேல். ஸ்நாக்கை அன்றே மூடினால்தான் கெட்டிக்காரன் என்று ஹேங்கரில் ஒரு வீம்பு உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

தையல், உறை, மெத்தை

கிழிந்த சீட் உறையை ஊர்த் தையல்காரரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தையல் பிரமாதம். பிரச்சினை நூல், ஒட்டுத்துணி இரண்டிலும் இருந்தது. கேபினில் உள்ள துணிக்கு 12 விநாடி சுடர் காட்டிச் சோதிப்பார்கள். சுடரை எடுத்த பின் அது 15 விநாடிக்குள் அணைய வேண்டும், கருகிய நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மெத்தைக்கு இன்னும் கடுமை: எண்ணெய் பர்னரின் தீயை இரண்டு நிமிடம் நேரே பாய்ச்சிய பிறகும் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. ஃபோமைச் சுற்றியிருக்கும் தீத்தடுப்பு உறைதான் அதைத் தாங்குகிறது. வெளி உறையைக் கழற்றும்போது உள்ளே அந்த உறை கிழிந்திருந்தால், "வெளியே தெரியாதே" என்று மேலே மூடிவிடுவது ஆபத்தான சோம்பல். அதுபோலவே, உறையின் லேபிளில் ட்ரை கிளீன் என்று இருந்தால் அதைத் தண்ணீரில் துவைத்துவிடக் கூடாது. சில துணிகளில் தீத்தடுப்பு மருந்து தண்ணீரோடு போய்விடும்.

மெத்தை பொருந்தவில்லை என்று ஓரத்தைக் கத்தியால் சீவுவதும் உண்டு. பொருந்தவில்லை என்றால் அது வேறு சீட்டின் மெத்தை. ஒரே வரிசையிலேயே ஏ, பி, சி மூன்றுக்கும் பார்ட் நம்பர் மாறலாம். சில விமானங்களில் அந்த மெத்தையே தண்ணீரில் மிதவையாகப் பயன்பட வேண்டியது. மெத்தையைப் போட்டு முடித்ததும் குனிந்து, லைஃப் ஜாக்கெட் அதன் பையில் இருக்கிறதா, முத்திரை உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எடுத்து ஓரமாக வைத்தவர் திரும்ப வைக்க மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

குப்பைத்தொட்டி மூடி

அன்றைய மூன்றாவது ஸ்நாக்குக்கு வருகிறேன். டாய்லெட் குப்பைத்தொட்டியின் மூடி ஸ்பிரிங்கில் இயங்குவது. கையை எடுத்ததும் படாரென்று மூடிக்கொள்ளும். அது பயணியின் விரலைக் கடிக்கிறது என்று ஸ்பிரிங்கைத் தளர்த்துவது, கீலில் காகிதம் செருகுவது, டேப் ஒட்டித் திறந்தபடி விடுவது என்று பல 'சேவைகள்' நடக்கும்.

1973 ஜூலையில் பாரிஸ் ஓர்லிக்கு அருகே வாரிக் 820 விமானம் பின் டாய்லெட்டில் பற்றிய தீயால் இறங்க நேர்ந்தது. 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். 1983 ஜூனில் ஏர் கனடா 797, மறுபடி பின் டாய்லெட் பகுதி. விமானம் சின்சினாட்டியில் பத்திரமாக இறங்கியும், கதவு திறந்த சற்று நேரத்தில் கேபின் முழுக்கத் தீ பாய்ந்து 46 பேரில் 23 பேர் போனார்கள். டாய்லெட்டில் ஸ்மோக் டிடெக்டர், குப்பைத்தொட்டிக்குள் தானாக இயங்கும் தீயணைப்பான் எல்லாம் கட்டாயமானது இவற்றுக்குப் பிறகு. அந்தக் குட்டி சிலிண்டரின் முனை சூட்டில் உருகி வாயுவைத் தொட்டிக்குள் விடும். மூடி திறந்து கிடந்தால் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வரும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் தீயணைப்பானையே கழற்றியது மாதிரிதான்.

சோதிப்பது எளிது. ஒரு விரலால் மூடியைக் கால்வாசி தள்ளி விடுங்கள், பிறகு பாதி, பிறகு முழுதாக. எந்த நிலையிலிருந்தும் தானாக வந்து விளிம்போடு உட்கார வேண்டும். அப்புறம் வாஷ் பேசினுக்கு அடியில் உள்ள கதவைத் திறந்து, அதன் ஓரப் பட்டை பிய்ந்திருக்கிறதா, சிலிண்டரின் முனை தொட்டியைப் பார்த்து இருக்கிறதா, வெப்பம் காட்டும் ஸ்டிக்கர் இருந்தால் அதில் புள்ளி எதுவும் கறுத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டாய்லெட் கதவின் வெளிப்பக்கம் உள்ள சாம்பல் கிண்ணத்தையும் விடாதீர்கள். புகை பிடிக்கவே தடை உள்ள விமானத்தில் இது எதற்கு என்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. தடையை மீறிப் பிடிப்பவன் சிகரெட்டைக் குப்பைத்தொட்டியில் போடாமல் இருப்பதற்காகவே விதி அதைக் கேட்கிறது.

சீட் டிராக்

2012 இலையுதிர் காலத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 757 விமானங்கள் சிலவற்றில் பறக்கும்போதே சீட் வரிசை தரையிலிருந்து கழன்றது. 48 விமானங்களைச் சோதிக்க வேண்டி வந்தது. பூட்டும் பின் (ஊசி) முழுதாக விழாததற்கு, சீட் காலைத் தரையில் பிடிக்கும் தண்டவாளம் போன்ற டிராக்கில் சிந்திக் காய்ந்த காபி, சோடா, அழுக்கும் ஒரு காரணம் என்று அந்த நிறுவனமே சொன்னது.

டிராக்கை மேலிருந்து பாருங்கள். வட்டத் துளை, குறுகல், வட்டத் துளை, குறுகல் என்று ஓர் அங்குல இடைவெளியில் போகும். சீட் காலின் குமிழ்கள் வட்டத் துளை வழியாக உள்ளே இறங்கும். பிறகு சீட்டை அரை அங்குலம் நகர்த்தினால் குமிழ்கள் குறுகலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், பூட்டு பின் வட்டத் துளையில் விழும். அந்த அரை அங்குலம் தவறினால் எல்லாக் குமிழும் துளைக்கு நேரே நிற்கும். பார்வைக்கு சீட் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், மேல்நோக்கித் தூக்கினால் கையோடு வந்துவிடும். ஆகவே முதலில் டிராக்கை வாக்யூம் போட்டு, காய்ந்த பிசுக்கைச் சுரண்ட வேண்டும். சுரண்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், உலோகத்தில் கீறல் விழுந்தால் அங்கே அரிப்பு தொடங்கும். சீட்டை வைத்த பிறகு நாலு காலையும் தனித்தனியாக மேலே இழுத்துப் பாருங்கள். வரிசை நிற்கும் இடத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் ஆக்ஸிஜன் மாஸ்க் எட்டும் தூரமும் அவசர வழியின் அகலமும் மாறும்.

தலைக்கு மேலே

ரீடிங் லைட் எரியவில்லை என்று மேல் பேனலைத் திறப்பவருக்குப் பக்கத்திலேயே ஆக்ஸிஜன் ஜெனரேட்டர் இருக்கும். இது ரசாயனத்தால் ஆக்ஸிஜன் உண்டாக்குவது. ஒரு முறை தட்டினால் நிறுத்த முடியாது, கை வைக்க முடியாத சூடு. அதற்குப் பாதுகாப்பு பின் (ஊசி) போடாமல் வேலை தொடங்குவது ஒரு தவறு. வேலை முடிந்த பிறகு அந்தப் பின்னை எடுக்க மறப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் மாஸ்க் விழும், ஆக்ஸிஜன் வராது. சிவப்பு நாடா கட்டிய பின்னை எண்ணி எடுத்து, எண்ணித் திரும்பக் கொடுங்கள்.

காலாவதியான ஜெனரேட்டரைக் கழற்றினால் அதை இயக்கும் முனைக்கு உடனே மூடி மாட்ட வேண்டும். 1996 மே 11 அன்று மயாமியிலிருந்து கிளம்பிய வேல்யூஜெட் 592 விழுந்து 110 பேர் இறந்ததன் பின்னணி இதுதான். கழற்றிய ஜெனரேட்டர்களுக்கு மூடி போட வேண்டும் என்று வேலை அட்டையில் எழுதியிருந்தது. மூடி கைவசம் இல்லை. போட்டதாகக் கையெழுத்து மட்டும் விழுந்தது. பிறகு 'காலி' என்ற குறிப்போடு அவை பெட்டியில் அந்த விமானத்தின் சரக்கறைக்கு ஏறின, அங்கே தீப்பிடித்தது.

மீதமுள்ளவை

உணவு தயாரிக்கும் இடமான கேல்லிக்கு அருகே கம்பளமோ தரை பேனலோ மாற்றும்போது, ஓரத்தின் சீலன்டையும் ஈரத்தடுப்பு டேப்பையும் "அப்புறம் போடலாம்" என்று விடுவார்கள். கேபினில் சிந்தும் தண்ணீர் கீழேதான் போகும், கீழே பல விமானங்களில் மின்சாதன அறை. 2008 ஜனவரியில் பாங்காக்கை நெருங்கிய குவாண்டாஸ் 747 ஒன்றில், கேல்லி வடிகால் அடைத்து வழிந்த தண்ணீர், விரிசல் விட்ட தடுப்பு வழியே கசிந்து ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுச் சாதனங்களை நனைத்தது. நான்கில் மூன்று மின் இணைப்புகள் போயின. பத்திரமாக இறங்கினார்கள்.

ஜன்னலின் உள்பக்கம் இருப்பது கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். அமோனியா கலந்த வீட்டுக் கிளீனரைத் தெளித்தால் சிலந்தி வலை போல நுண்விரிசல் விடும். சீட்டுக்குள் பயணியின் போன் விழுந்திருக்கிறது என்றால், கிடைக்கும்வரை அந்த சீட்டின் மோட்டாரைத் தொடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் விமானத்திலிருந்து ஆர்ம்ரெஸ்ட் மூடியைக் கழற்றி மாட்டுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. மாட்டுங்கள், ஆனால் முறையான அனுமதியோடு, இரண்டு விமானங்களின் லாக் புக்கிலும் எழுதி. எழுதாவிட்டால் அந்த விமானத்தின் ஸ்நாக்குக்கு அப்பனே இருக்க மாட்டான்.

எல்லாம் முடிந்து இறங்கும்போது கதவருகே க்ரூவின் மடக்கு சீட்டைக் கையால் கீழே அழுத்தி விட்டுப் பாருங்கள். அது தானாக மடங்கிச் சுவரோடு போய் ஒட்ட வேண்டும். அன்று அந்த விமானத்தில் அது பாதியிலேயே நின்றது. யாரும் எழுதி வைக்காத ஐந்தாவது ஸ்நாக். பெல்ட்டின் ஒரு முனை கீலில் சிக்கியிருந்தது, அவ்வளவுதான். மணி நாலே முக்கால்.