எத்தனை ஆட்டம் பின்னுக்கு? கொழும்பிலிருந்து பேஸ்பால் செப்டெம்பரைப் பின்தொடர்வது எப்படி

1995 ஒக்டோபரில் அப்பா வேலை செய்த சரக்குக் கப்பல் சியாட்டில் துறைமுகத்தில் நின்றது. அப்பா வல்வெட்டித்துறைக்காரர், கடல்தான் தொழில். கரைக்கு இறங்கிச் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குப் போனவர், அங்கே தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் முடிந்ததும் கடையில் இருந்த வயது போன மனிதர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்களாம். அணியின் பெயர் மரைனர்ஸ், அதாவது மாலுமிகள். நம்மட ஆக்கள் என்று நினைத்து ஒரு நீலத் தொப்பி வாங்கிக்கொண்டு வந்தார். அந்தத் தொப்பிதான் என்னை இதற்குள் இழுத்தது.

அப்பா பார்த்தது என்ன ஆட்டம் என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வருட ஆகஸ்ட் தொடக்கத்தில் மரைனர்ஸ் வெற்றி தோல்விக் கணக்கில் கலிபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு 13 ஆட்டம் பின்னால் நின்றது. பருவம் முடிந்தபோது இரண்டும் சமம். ஒக்டோபர் 2ஆம் திகதி ஒரேயொரு தீர்ப்பு ஆட்டம் வைத்தார்கள். மரைனர்ஸ் 9-1 என்று வென்றது. அன்று அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்து பிடித்த டான் வில்சன்தான் 2024 ஆகஸ்டில் அதே அணிக்கு மேனேஜர் ஆனார்.

செப்டெம்பரில் நடக்கும் இந்த ஓட்டப்பந்தயத்தைத்தான் பென்னன்ட் ரேஸ் என்கிறார்கள். பென்னன்ட் என்றால் லீக்கை வென்ற அணி ஏற்றும் கொடி. மார்ச் கடைசியிலிருந்து 162 ஆட்டம் ஆடி, கடைசி நான்கு வாரத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவாகும். ஒரு லீக்கில் ஆறு அணிகள் உள்ளே, அதாவது பருவத்துக்குப் பிந்தைய சுற்றுக்குப் போகும்: மூன்று பிரிவுகளில் முதலிடம் பிடித்த மூன்று, மற்றவற்றில் அதிகம் வென்ற மூன்று. அந்தப் பின்னைய மூன்று இடத்துக்குப் பெயர் வைல்ட் கார்ட். ஸ்காபரோவில் சொந்தக்காரர் இருப்பதால் ரொறன்ரோ அணியான புளூ ஜேஸைப் பார்க்கத் தொடங்கிய கொழும்புக்காரர் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதல் வேலை மணிக்கூடு. இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. சியாட்டில் இரவு நேரத்தை அப்படியே காலை ஆக்கி, அரை மணி கூட்டுங்கள். அங்கே இரவு 7.10 என்றால் நமக்கு அடுத்த நாள் காலை 7.40. ரொறன்ரோ, நியூயோர்க் என்றால் காலை ஆக்கி இரண்டரை மணி கழியுங்கள்: இரவு 7.05, நமக்கு விடியற்காலை 4.35. ஹூஸ்டனுக்கு ஒன்றரை மணி கழித்தால் சரி. பருவம் முடியும்வரை இந்தக் கணக்கு மாறாது. அவர்கள் மணிக்கூட்டைத் திருப்புவது நவம்பரில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டங்கள்தான் கொடுமை. சியாட்டில் மதியம் 1.10 என்பது நமக்குத் திங்கள் பின்னிரவு 1.40. எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் உடம்பு தாங்காது. நான் வாரத்தில் இரண்டு ஆட்டம் விழித்திருந்து பார்ப்பேன். மிச்சத்தைக் காலி வீதி பஸ்சில் ஒரு காதில் வானொலி வர்ணனையாகக் கேட்பேன். ஒலி மட்டும் என்றால் டேட்டாவும் கொஞ்சம்தான் போகும், அடிக்கடி ரீலோட் போடத் தேவையில்லை.

அடுத்தது கொப்பி. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். போன் எல்லாக் கணக்கையும் காட்டுமே என்று கேட்பீர்கள். போன் ஒரு நாளைக்கு நூறு முறை காட்டும், அதுதான் பிரச்சினை. கையால் எழுதினால் நாளைக்கு ஒரு முறைதான் எழுதலாம். என் கொப்பியில் அடிமட்டம் வைத்து ஐந்து கோடு கிழித்திருக்கிறேன்: திகதி, எங்கள் வெற்றி, எங்கள் தோல்வி, அவர்கள் வெற்றி, அவர்கள் தோல்வி. வெற்றியை நீல மையால், தோல்வியைப் பென்சிலால் எழுதுவேன். சில பக்கங்களில் தேத்தண்ணிக் கறை இருக்கும். 2022 மின்வெட்டுக் காலத்துப் பக்கங்களில் மெழுகுச் சொட்டும் இருக்கிறது.

அந்த ஐந்தில் கண் வைக்க வேண்டியது தோல்வி நிரலில். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் அலுக்காது. இரண்டு அணிகளும் ஒரே எண்ணிக்கை ஆட்டம் ஆடியிருக்காது. அதனால்தான் ‘ஒன்றரை ஆட்டம் பின்னால்’ என்று அரைக் கணக்கு வருகிறது. ஆடாத ஆட்டத்தை இனியும் வெல்லலாம். தோற்ற ஆட்டத்தை யாராலும் அழிக்க முடியாது. எனவே தோல்வியில் எத்தனை வித்தியாசம் என்று பாருங்கள். அதுதான் உண்மையான தூரம்.

முன்னுக்கு நிற்கும்போது இன்னொரு எண் வரும், மேஜிக் எண். அது பூச்சியமானால் முதலிடம் உறுதி. 163இலிருந்து உங்கள் வெற்றியையும் இரண்டாம் அணியின் தோல்வியையும் கழியுங்கள். 2025 செப்டெம்பர் 19ஆம் திகதி மரைனர்ஸும் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸும் சமநிலையில், ஹூஸ்டனில் மூன்று ஆட்டம் ஆடத் தொடங்கின. மூன்றையும் மரைனர்ஸ் வென்றது. எங்கள் வெற்றி 87, அவர்கள் தோல்வி 72. 163 கழித்தல் 87 கழித்தல் 72, நான்கு. இப்போது சமநிலைக்குத் தீர்ப்பு ஆட்டம் கிடையாது. 2022இலிருந்து ஒருவருக்கொருவர் ஆடியதில் யார் கூட வென்றார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். அந்த மூன்று வெற்றியோடு அதுவும் எங்கள் பக்கம். ஆக நான்கு, மூன்றாகியது. கொப்பியில் அந்த மூன்றைச் சுற்றி வட்டம் போட்டேன். பேனா தாள் கிழியும் அளவுக்கு அழுத்திவிட்டது.

நடு ஆட்டத்தை மறக்க முடியாது. நமக்கு அது ஞாயிறு விடியற்காலை, மாளய அமாவாசை. அம்மா விரதச் சமையலுக்கு வாழைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் குசினி வாசலில் போனோடு நின்றேன். 6-4 என்று முன்னுக்கு நிற்கிறோம், கடைசி இன்னிங்ஸ், எதிரணி ஆட்கள் பேஸில், அதாவது ஓடி நிற்கும் இடங்களில். பந்து வலப்பக்க வெளிக்களத்தில் தாழ்வாக விழப் போகிறது. விக்டர் ரோபிள்ஸ் ஓடி வந்து நெஞ்சு தரையில் தேயப் பாய்ந்து பிடித்தார். பிடிபடாது என்று நினைத்து ஓடிவிட்ட ஆள் திரும்பி வருவதற்குள் பந்தை எறிந்து அவரையும் வெளியேற்றினார்கள். ஆட்டம் முடிந்தது. நான் கத்தியதில் அம்மாவின் கையில் இருந்த கத்தி கீழே விழுந்தது. “அமாவாசையில ஏன்டா இப்பிடிக் கத்துறாய்!” என்று பேச்சு. அப்புறம், “வெண்டிட்டாங்களோ?” என்றும் கேட்டார்.

வீட்டாருக்கு விளங்க வைப்பதும் அவசியம். இல்லாவிட்டால் விடியற்காலை நாலரைக்கு வெளிச்சம் எரிவதை யாரும் பொறுக்க மாட்டார்கள். கிரிக்கெட்டை வைத்துத் தொடங்காதீர்கள், குழப்பம்தான் வரும். நம்மூர் மட்டைப் பந்து விளையாட்டான எல்லேயை வைத்துத் தொடங்குங்கள். அம்மா பள்ளிக்கூடத்தில் எல்லே ஆடியவர். மூன்று முறைக்குள் அடிக்க வேண்டும், அடித்தால் கம்பங்களைச் சுற்றி ஓடி வர வேண்டும் என்றதும் அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மிச்சக் கேள்வி ஒன்றுதான்: “ஒவ்வொரு நாளுமோ விளையாடுவினம்?” ஆம் அம்மா, அநேகமாக ஒவ்வொரு நாளும்.

அதுதான் இந்த விளையாட்டின் ஆறுதல். 2023 செப்டெம்பர் 17ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டத்துக்குச் சுருண்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தோல்வியை மாதக்கணக்காகச் சுமந்தோம். பேஸ்பாலில் தோற்றால் அடுத்த நாள் காலையே இன்னொரு ஆட்டம் வரும். ஆகவே ஒரு தோல்விக்கு மத்தியானம் வரை மட்டும் வருந்துங்கள். மத்தியானத்துக்குப் பிறகு நாளைய பிட்சர், அதாவது பந்து எறிபவர், யார் என்று பாருங்கள்.

எதிரணியின் ஆட்டத்தை நேரடியாகப் பார்க்காதீர்கள். முடிவை மட்டும் எடுத்து எழுதுங்கள். இது நான் கஷ்டப்பட்டுப் படித்தது. 2023இல் எங்கள் ஆட்டம் முடிந்த பிறகும் ஹூஸ்டன், டெக்சஸ், ரொறன்ரோ என்று மூன்று ஆட்டங்களை மாறி மாறிப் பார்த்து, யாரோ ஒருவர் தோற்க வேண்டும் என்று பிரார்த்தித்தேன். ஒபிஸில் தூக்கம், ஒரு விலைப்பட்டியலில் பூச்சியம் ஒன்று கூடிப்போய்த் திட்டு வாங்கினேன். கடைசியில் எங்களுக்கு 88 வெற்றி, ரொறன்ரோவுக்கு 89. ஓர் ஆட்டத்தில் போனது.

அடுத்த வருடமும் அதேதான். 2024 ஜூன் நடுவில் 10 ஆட்டம் முன்னால் நின்றோம். பருவ முடிவில் 85 வெற்றி, கடைசி வைல்ட் கார்ட் போனது 86க்கு. இந்த மாதிரி நேரத்தில் அந்த ஓர் ஆட்டம் எது என்று தேடாதீர்கள். நான் தேடினேன். ஒரு போயா நாள் முழுக்க இருந்து கொப்பியைப் புரட்டினேன். 77 தோல்வி, எதைப் பார்த்தாலும் அதுவாகவே தெரிந்தது.

எதிர்பார்ப்பையும் முழுதாக விடாதீர்கள். 2001இல் 116 ஆட்டம் வென்ற அணி, அதன் பிறகு 21 வருடம் பிந்தைய சுற்றுக்கே போகவில்லை. 2022 ஒக்டோபர் 1, நமக்குச் சனிக்கிழமைக் காலை. 1-1, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், எண்ணிக்கையும் முழு எண்ணிக்கை, இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவரும் அவுட். மாற்று ஆளாக வந்த கால் ராலி வலப்பக்கக் கண்ணாடி வரை அடித்தார். அந்த ஒரு அடியில் 21 வருடம் முடிந்தது. அப்பா பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சம்பல் கையோடு எழும்பி நின்றார். அதே ராலி 2025இல் 60 ஹோம் ரன், அதாவது வேலி தாண்டிய அடி, அடித்தார்; அறுபதாவதை அடித்த அன்றுதான் பிரிவின் முதலிடமும் உறுதியானது. எத்தனை வெற்றி போதும் என்று முன்கூட்டியே கேட்டாலும் பதில் கிடைக்காது. 2025இல் முதலிடம் தந்தது 90 வெற்றி, 72 தோல்வி. 2021இலும் எங்களுக்கு அதே 90, 72தான். அந்த வருடம் வெளியே நின்றோம்.

சொந்தக்காரர் எதிரணியாக இருந்தால் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: ஆட்டம் நடக்கும்போது யாரும் யாருக்கும் போன் எடுப்பதில்லை. 2025 பென்னன்டுக்கான தொடரில் எங்களுக்கு எதிரே புளூ ஜேஸ். பெரியம்மாவின் மகன், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, அவர்கள் பக்கம். ஆறாவது ஆட்டம் நமக்குத் தீபாவளி விடியற்காலை. தலையில் நல்லெண்ணெய் வழிய வழியக் குளியலறை வாசலில் நின்றேன். எங்கள் இன்னிங்ஸ் தொடர்ந்து மூன்று இரட்டை அவுட்டில், ஒரே அடியில் இருவர் அவுட்டாகி, முடிந்தன. தோல்வி, 6-2. அடுத்த நாள் ஏழாவது ஆட்டம். 3-1 என்று முன்னுக்கு நிற்கும்போது பஸ் ஏறினேன். ஏழாவது இன்னிங்ஸில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தார். 4-3. இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு ஹோல்ட் போன பிறகுதான் மணி அடித்தேன். 1977இல் தொடங்கிய அணி, ஒருமுறைகூட இறுதித் தொடரான உலகத் தொடருக்குப் போனதில்லை. எட்டு அவுட் தூரத்தில் நின்றது. அன்று பின்னேரம் அண்ணா எடுத்தார். வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “சாப்பிட்டியா தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

கடைசியாக, கடைசி ஞாயிறு. அன்று எல்லா ஆட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கும். நமக்குத் திங்கள் பின்னிரவு பன்னிரண்டரை போல. திங்களுக்கு அரைநாள் லீவு முன்னமே சொல்லிவையுங்கள். போனைச் சார்ஜ் போடுங்கள், பிளாஸ்கில் பிளேன்டீ ஊற்றிவையுங்கள். உங்கள் அணி வெளியேறிவிட்டது என்று நடு ஆட்டத்தில் தெரிந்தாலும் அணைக்காதீர்கள்.

2021இல் ஊரடங்கு எடுத்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அப்பாவும் நானும் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நியூயோர்க்கும் பொஸ்டனும் வென்றுவிட்டன, எங்கள் கதை முடிந்தது, ஆட்டம் மட்டும் மிச்சம். ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் கைல் சீகரை நடு ஆட்டத்தில் வெளியே அழைத்தார்கள். மூன்றாம் பேஸைக் காத்து நின்றவர், கூட ஆடியவர்களை ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து, அழுதுகொண்டே நடந்து வந்தார். முழுக் கூட்டமும் எழும்பி நின்றது.

“இவர் எத்தனை வருஷம் தம்பி?” என்றார் அப்பா.

“பதினொன்று. ஒருமுறைகூடப் பிந்தைய சுற்றுக்குப் போகேல்லை.”

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் 7-3 என்று தோற்று முடியும்வரை இருவரும் எழும்பவில்லை. கொப்பியை எடுத்து அன்றைய வரியை நிரப்பிவிட்டுத்தான் படுத்தோம். 90 நீலத்தில், 72 பென்சிலில்.