அங்கன்வாடிக் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

என் பேத்தி போகும் அங்கன்வாடியில் ஒரு மாதம் முட்டை சரியாக வரவில்லை. முதலில் அங்கே வேலை பார்க்கும் அம்மாவிடம்தான் கேட்டேன். அவரே இருப்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வந்தது, செலவானது, மீதி. அதை அன்றைய வருகைப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். கணக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

காட்ட மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. அங்கன்வாடிகளைக் கவனிக்கும் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். "முறைகேடு நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது. இந்த மையம், இந்த மாதம், இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் தந்தாக வேண்டும். அப்புறம், உங்கள் பிள்ளையின் எடைப் பதிவையும் மறக்காமல் பாருங்கள்.