தாவரத் தற்காப்பு வேதியியல்: ஆய்வுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூச்சிகளைச் செடி எந்த வேதிப்பொருளால் எதிர்க்கிறது என்று ஆராய வருபவர்கள் பலர் முதலில் சறுக்குவது இலை பறிக்கும்போதுதான். நாம் கிள்ளினாலும் செடிக்கு அது காயம்தான். சில நிமிடங்களிலேயே, தற்காப்பைத் தூண்டும் ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலம் ஏற ஆரம்பித்துவிடும். கடுகுக் குடும்பத்தில் இன்னும் மோசம். இலை நசுங்கியதும் மைரோசினேஸ் நொதி, இலையிலுள்ள குளுக்கோசினோலேட்டுகள் என்ற தற்காப்புப் பொருள்களை உடைத்துவிடும். இலையை மேசையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வந்து அளப்பது உங்கள் கை செய்த வேலையை. பறித்த கையோடு திரவ நைட்ரஜனில் போடுங்கள். அரைக்கும்போதும் உருக விடாதீர்கள்.

அடுத்தது, ஒப்பிடுவதற்காகக் காயப்படுத்தாமல் விடும் கன்ட்ரோல் செடிகளைக் காயப்பட்ட செடிகளின் பக்கத்திலேயே வைப்பது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஃபார்மரும் கிளாரன்ஸ் ரயானும் சேஜ்பிரஷ் புதரின் கிளைகளைத் தக்காளிச் செடிகளோடு மூடிய கலனில் வைத்துப் பார்த்தார்கள். புதரிலிருந்து காற்றில் கலந்த மெத்தில் ஜாஸ்மோனேட் (ஜாஸ்மோனிக் அமிலத்தின் ஆவியாகும் வடிவம்), பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தக்காளி இலையில் உண்டாக்கிவிட்டது. 1990இல் வந்த முடிவு இது. இன்றும் இரண்டு வகைச் செடிகளையும் ஒரே பெட்டியில் வளர்த்துவிட்டு ‘வித்தியாசம் இல்லை’ என்று எழுதுபவர்கள் உண்டு. அப்புறம், ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் பறிக்காதீர்கள். ஜாஸ்மோனேட் (ஜாஸ்மோனிக் அமிலமும் அதன் வடிவங்களும்) அளவு நேரத்துக்கு நேரம் மாறும்.

தலைப்புத் தேர்விலும் அவசரம் ஆகாது. கொலராடோ வண்டு ஓர் இலையைக் கடித்தால் கடிபடாத இலைகளிலும் அந்தச் செரிமானம் கெடுக்கும் புரதம் பெருகுகிறது என்று ரயான் குழு வெளியிட்டது 1972இல். அதைத் தூண்டும், 18 அமினோ அமிலம் கொண்ட சிஸ்டமின் என்ற சின்னப் புரதத் துண்டைப் பிரித்தெடுத்து அறிவித்தது 1991இல். இவ்வளவு பெரிய கேள்வியை முழுசாக முனைவர் பட்டத்துக்குள் அடைக்கப் பார்ப்பது வம்பு. நொதி ஒன்று, திசு ஒன்று என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்கத் தெரிந்தால் போதும், மரபியல் வேண்டாம் என்று நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. செடி முழுக்கச் செய்தி கொண்டுபோவது சிஸ்டமினே என்றுதான் வெகுகாலம் கருதினார்கள். மரபணு பழுதானதால் ஜாஸ்மோனேட் தயாரிக்க முடியாத தக்காளியையும் அதை உணர முடியாத தக்காளியையும் வைத்து ஒட்டுக்கட்டிச் செய்த சோதனைகள் 2002இல் வந்தன. தொலைவுக்குப் போகும் செய்திக்கு ஜாஸ்மோனேட்தான் முக்கியம் என்று அவை காட்டின. அதே ஆண்டு ரயான் குழு சொன்ன சிஸ்டமின் ஏற்பியும் (சிஸ்டமினை உணரும் செல் புரதம்) சரியானதல்ல என்று பின்னால் ஆகிவிட்டது. சரியான ஏற்பி 2018இல்தான் கிடைத்தது.